மந்தைவெளி மூன்று ஏக்கர்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள், பாப்பா தன் மகள் தவமணியின் மாற்றுச் சான்றிதழை வாங்கிவரக் கருங்காலிப்பாக்கம் நடுநிலைப் பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியர் வேதாந்தம் அதை எழுதி, முத்திரை வைத்துத் தயாராகத்தான் வைத்திருந்தார். ஆனால் உடனே கொடுக்கவில்லை. எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றார். பஞ்சாயத்துத் தலைவியாகி ஒன்றரை வருஷம் கழித்து, அந்த ஊரில் அவளுக்கு நாற்காலி காட்டிய முதல் ஆள் அவர்தான். பாப்பா அதன் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள்.

அவர் ஒரு பழைய பதிவேட்டைப் பிரித்து, காலனியிலிருந்து வந்து எட்டாவது முடித்த பெண்பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகப் படித்தார். ஆறு வருஷத்தில் முப்பத்தொரு பேர். ஒவ்வொரு பெயரைக் கேட்கும்போதும் பாப்பாவுக்கு அந்தப் பெண் இப்போது எங்கே, எப்படி இருக்கிறாள் என்பது தானாக மனதில் வந்தது. ஒருத்தி கடற்கரைச் சாலையில் இறால் கம்பெனியில் ஓடு உரித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி பதினைந்து வயதில் கல்யாணமாகிப் போய்ப் பிரசவத்தில் செத்துப்போனாள். இன்னொருத்தி நேற்றுதான் கைப்பிள்ளையோடு கம்பு அடிக்க வந்திருந்தாள். "இந்த முப்பத்தொரு பேர்ல ஒம்பதாவது போனது நாலு பேர். பத்தாவது பாஸ் பண்ணினது ஒருத்தர்கூட இல்லை" என்று சொல்லிப் பதிவேட்டை மூடினார் வேதாந்தம். உயர்நிலைப் பள்ளி இருந்தது திருக்கழுக்குன்றத்தில். ஆறு மைல். காலையில் ஒரு பேருந்து, சாயங்காலம் ஒரு பேருந்து. அதைப் பிடிக்கவும் சவுக்குத் தோப்பு வழியாக இரண்டு மைல் நடக்க வேண்டும்.

"இந்த ஸ்கூலையே ஹைஸ்கூலா உசத்தலாம்மா. நான் விசாரிச்சுட்டேன். மூணு ஏக்கர் நிலம் வேணும்கறா. உங்க பஞ்சாயத்துல மந்தைவெளி சும்மாத்தானே கிடக்கு?"

அந்த மந்தைவெளி சும்மா கிடக்கவில்லை. கால்வாய்க்கும் தார்ச்சாலைக்கும் நடுவே இருந்த அந்தப் புறம்போக்கு நிலத்தை வீட்டுமனையாகப் பிரித்துத் தரச் சொல்லிக் காலனியின் நாற்பத்திரண்டு குடும்பங்களும் மனுக்கொடுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. செங்கல்பட்டு ஆபீசில் அந்தக் கோப்பு நகராவிட்டாலும் உயிரோடு இருந்தது. "அத்த வூட்டுமனைக்குக் கேட்டுகினு கீறாங்க சார்" என்றாள் பாப்பா.

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். வேற யாராவது தலைவரா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவளுக்கு வீடு வரும் வரைக்கும் அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் இருந்தது.

அவளைத் தலைவியாக்கியது அவளுடைய விருப்பம் அல்ல. தொண்ணூற்றாறில் கருங்காலிப்பாக்கம் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஊரில் அரிசி மில்லும் நாற்பது காணி நிலமும் வைத்திருந்த திருநாவுக்கரசு காலனிப் பக்கம் முதல்முறையாக வந்தார். யார் எழுதப் படிக்கத் தெரிந்தவள், யார் எதிர்த்துப் பேசாதவள் என்று விசாரித்தார். பாப்பா எட்டாவது படித்திருந்தாள். அவள் புருஷன் பூபாலன் அவருடைய பம்புசெட்டில் காவலுக்கு இருந்தான். அவ்வளவுதான் தகுதி. அவர் துணைத் தலைவர் ஆனார். கூட்டங்கள் அவருடைய மில்லின் முன்னறையில் நடந்தன. தீர்மானப் புத்தகம் மட்டும் எழுத்தரின் கையில் பாப்பாவின் குடிசைக்கு வரும். காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். படிக்கத் தெரியும். படித்து என்ன ஆகப்போகிறது என்று படிக்கமாட்டாள்.

தலைவியாவதற்கு முன்பு ஏழு வருஷம் அவள் அணுமின் நிலைய ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பில் வீட்டுவேலை செய்தவள். அங்கே ஒரு வீட்டில் மானசா என்று ஒரு பெண் இருந்தாள். தவமணியின் வயதுதான். அவளுக்கென்று ஒரு அறை. அதில் மேசை, மேசை விளக்கு, சுவரில் உலகப் படம். அறையைத் துடைத்து முடித்ததும் பாப்பா ஒரு நிமிஷம் வாசலில் நின்று பார்ப்பாள். பொறாமை என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளை படிப்பதற்கு இவ்வளவு சாமான் தேவைப்படுகிறது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தவமணியிடம் இருந்தது ஒரு மூடிபோட்ட அலுமினியக் குண்டான். மழைக்காலத்தில் ஓலை ஒழுகும் என்பதால் புத்தகங்களை அதற்குள் போட்டு மூடி வைப்பாள். தவமணி வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள்.

பத்து நாள் யோசித்த பிறகு, கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ரூத்திடம் விஷயத்தைச் சொன்னாள். ரூத் பக்கத்துக் குடிசைக்காரி. இருவரும் ஒரே வருஷம் அந்தக் காலனிக்கு வாழ வந்தவர்கள். ஒரே வரப்பில் நாற்று நட்டவர்கள். ரூத்தின் ஒற்றை அறைக் குடிசையில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவள், புருஷன் தேவசகாயம், நாலு பிள்ளைகள், மாமனார், போதாததற்கு அந்த வருஷம்தான் கல்யாணமான கொழுந்தன் செல்வராஜும் அவன் பெண்டாட்டி ராஜமும். புதுப்பெண் வந்ததிலிருந்து தேவசகாயமும் மாமனாரும் கோயில் தாழ்வாரத்தில் படுக்கப் போனார்கள். அந்த நாற்பத்திரண்டு மனுக்களில் முதல் மனு ரூத்துடையது.

ரூத் பம்பை அடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள். குடம் நிறைந்து வழிந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"படிக்கச் சொல்றியேக்கா, குந்திப் படிக்க எடம் எங்க கீது? எங்க சாராளு பொஸ்தகத்த பிரிச்சா அது மேல ஒரு ஆளு கால நீட்டினு படுத்துகினு கீறான்."

"வூடு இன்னிக்கு இல்லன்னா நாளைக்குக் கட்டிக்கலாம் ரூத்து. புள்ளைங்களுக்கு வயசு போயிட்டா திரும்பி வருமா? ரெண்டு வருசத்துல வேற எடம் பாத்து மனை வாங்கித் தரேன். நான்தான தலைவரு?"

ரூத் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீயாக்கா தலைவரு?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவள் போலத்தான் கேட்டாள். பாப்பாவை அது குத்தியது. தான் தலைவிதான் என்று ஒரே ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும் என்கிற வெறி அந்தக் கைப்பம்படியில்தான் அவளுக்குள் விழுந்தது என்று பின்னாளில் நினைத்துக்கொள்வாள்.

ஆகஸ்டு பதினைந்து கிராம சபையில், வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தின் முன் எழுந்து நின்று அவள் பேசினாள். முப்பத்தொரு பெயர்களையும் சொன்னாள். திருநாவுக்கரசு மறுத்துப் பேசுவார் என்று நினைத்து, பதிலுக்கு என்ன சொல்வது என்று ஒரு வாரமாக மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தாள். அவரோ துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்து, "தலைவரம்மா சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்டு. ஊருக்கு ஹைஸ்கூல் வந்தா எல்லாருக்கும் நல்லதுதானே" என்றார். தலைவரம்மா என்று அவர் முதல்முறையாகக் கூப்பிட்டதும் அன்றைக்குத்தான்.

எழுத்தர் தீர்மானத்தை எழுதி வாசித்தார். மேற்படி நிலம் வீட்டுமனைக்குத் தேவையில்லை எனவும், அதை உயர்நிலைப் பள்ளிக்கோ அரசு உகந்ததெனக் கருதும் பிற பொதுப் பயன்பாட்டுக்கோ ஒதுக்கலாம் எனவும் ஊராட்சி ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. பாப்பா புத்தகத்தைக் கையில் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பிற பொதுப் பயன்பாடுன்னா இன்னா?" என்று கேட்டாள்.

"அது ஆபீஸ் பாஷைம்மா. வெளையாட்டு மைதானம், தண்ணித் தொட்டி, அந்த மாதிரி" என்றார் எழுத்தர். பாப்பா வேதாந்தத்தைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாத் தீர்மானத்துலயும் வர்ற வாசகந்தாம்மா" என்றார். பாப்பா கையெழுத்துப் போட்டாள். ஒன்றரை வருஷத்தில் படித்துப் பார்த்து, மனம் நிறைந்து போட்ட ஒரே கையெழுத்து. தலை நிமிர்ந்தபோது காலனி ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாக எழுந்தவள் ரூத். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு அவளும் போனாள்.

அந்த ஜூன் மாதத்திலிருந்து தவமணியும் ரூத்தின் மகள் சாராளும் சேர்ந்துதான் திருக்கழுக்குன்றம் பள்ளிக்குப் போய்வந்தார்கள். இரண்டு பேர் என்பதால் சவுக்குத் தோப்பு வழியில் பயமில்லை. கிராம சபை முடிந்த அடுத்த திங்கட்கிழமை சாராள் வரவில்லை. இறால் கம்பெனி வேன் காலனி முனையில் வந்து நின்றபோது, சாப்பாட்டுத் தூக்கோடு அதில் ஏறிப்போனாள். பாப்பா ஓடிப்போய் ரூத்திடம் கெஞ்சினாள். "மனை வாங்கணும்னா இனிமே நாங்கதான சம்பாரிச்சி வாங்கணும்? நாலு கையி போதாதுக்கா, ஆறு கையி வோணும்" என்று சொல்லிவிட்டு ரூத் உள்ளே போய்விட்டாள்.

தவமணி தனியாக நடந்தாள். முதல் வருஷம் முழுக்கக் காலையும் மாலையும் பாப்பாவே தோப்பு வரை துணைக்குப் போனாள். தலைவி வேலையாகத் திருக்கழுக்குன்றம் ஒன்றிய ஆபீசுக்குப் போகவேண்டிய நாட்களில் பூபாலன் போனான். இருவராலும் முடியாமல் போன நாட்களும் இருந்தன. பத்தாவது படிக்கும்போது, ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், தவமணி புத்தகப் பை இல்லாமல், செருப்பு இல்லாமல் ஓடிவந்தாள். ஊர்ப் பையன்கள் மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வழிமறித்துப் பையைப் பிடித்து இழுத்திருந்தார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பாப்பா யார் யார் என்று கேட்டாள். மகள் சொன்ன பெயர்களில் ஒன்று, புகார் என்று கொண்டுபோனால் எந்த வாசலில் போய் நிற்கவேண்டுமோ அந்தத் திருநாவுக்கரசு வீட்டுப் பையனுடையது.

"போதும்" என்றான் பூபாலன். "வர்ற ஜூன்ல இங்கியே பள்ளிக்கூடம் வரப்போவுதுன்னு நீதான சொல்லிகினு கீற? வரட்டும். அப்பால படிச்சுக்கும்."

வரப்போகும் பள்ளிக்கூடத்தைக் காட்டியே இருந்த பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். தவமணி அழவில்லை. தை மாதம்வரை வீட்டிலேயே பாடங்களைப் படித்தாள். வெள்ளிக்கிழமைதோறும், "ஆர்டர் வந்துச்சாம்மா?" என்று கேட்பாள். பங்குனிப் பரீட்சைக்கு வேறு பிள்ளைகள் போன நாளிலிருந்து அந்தக் கேள்வியும் நின்றுபோனது. சித்திரையில் அவளும் இறால் கம்பெனி வேனில் ஏறினாள். சாராளுக்குப் பக்கத்து இடம்தான் கிடைத்தது. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்து போனதைப் பாப்பா பார்த்தாள்.

இரண்டாயிரம் ஜூனில் ஆர்டர் வந்தது. உயர்நிலைப் பள்ளி நான்கு மைல் தள்ளி, கடற்கரைச் சாலைக்கு மேற்கே இன்னொரு ஊருக்குப் போயிருந்தது. அதே மாதத்தில் மந்தைவெளியில் இரண்டு கார்கள் வந்து நின்றன. தொப்பி போட்ட ஆட்கள் சங்கிலி பிடித்து அளந்தார்கள். கேட்டதற்கு, மாமல்லபுரத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கு விடுதி கட்டப்போவதாகச் சொன்னார்கள்.

வேதாந்தம் அந்த மார்ச்சில் ஓய்வு பெற்று, செங்கல்பட்டில் மகன் வீட்டோடு போய்விட்டிருந்தார். பாப்பா விலாசம் விசாரித்துப் போனாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் பேரன் அத்வைத்துக்கு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பையன் கழுத்துப்பட்டியோடு வாசலுக்கு நேராக வந்து நின்ற மஞ்சள் வேனில் ஏறினான். அவர் மனைவி பாலாம்பாள் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். பாப்பா அந்த வேன் திரும்பிப் போகும்வரை பார்த்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். வேதாந்தம் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு ஆபீசுக்குக் கிளம்பினார். அதை மறுக்க முடியாது.

ஆபீசில் அந்தப் பிரிவைக் கவனித்த குமாஸ்தா மரியாதையானவர். மூன்று கட்டுகளைப் பிரித்துத் தேடிக் கோப்பை எடுத்தார். "ஸ்கூலுக்கு ஆய்வுக்கு வந்தவங்க தாழ்வான பகுதி, மழையில தண்ணி நிக்கும்னு எழுதிட்டாங்கம்மா. அதனால அது போச்சு" என்றார்.

"அப்போ எங்க வூட்டுமனை மனு?"

அவர் சில தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் விரலை வைத்துக் கோப்பை அவள் பக்கம் திருப்பினார். அது அவளுடைய தீர்மானம்தான். அவளுடைய கையெழுத்து. மற்றக் கையெழுத்துகள் போல் கிறுக்கலாக இல்லாமல், நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி.

"பஞ்சாயத்தே மனை வேணாம்னு எழுதிக் குடுத்தப்புறம் அந்த மனுவெல்லாம் முடிச்சுட்டாங்கம்மா. பிற பொதுப் பயன்பாடுன்னு இருக்கு பாருங்க. சுற்றுலா அதுல வந்துரும். முப்பது வருஷக் குத்தகை." குமாஸ்தா கொஞ்சம் தயங்கினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "அந்த நாப்பத்திரண்டு மனு உயிரோட இருந்திருந்தா இந்த நிலத்த யாருக்கும் குடுத்திருக்க முடியாது. ஏம்மா இப்படி எழுதிக் குடுத்தீங்க?"

வேதாந்தம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். பிறகு அவர், "நான் நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்" என்றார். பாப்பாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நல்லதுக்குத்தான் சொன்னார். நல்லது நடக்காமல் போனதில் அவருக்குப் போனது ஒன்றுமில்லை, அவ்வளவுதான். "தவமணி என்ன பண்றா?" என்று கேட்டார். "வேலைக்குப் போவுது சார்" என்று சொல்லிவிட்டு அவள் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. மூன்று திங்கட்கிழமைகள் காஞ்சிபுரம் போய் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனுக்கொடுத்தாள். தீர்மானத்தை ரத்துசெய்ய இன்னொரு தீர்மானம் போடவேண்டும் என்று மில்லுக்குப் போய்த் திருநாவுக்கரசிடம் சண்டை போட்டாள். மந்தைவெளியை ஒட்டியிருந்த தன் ஐந்து காணியை அவர் அந்த விடுதிக்காரர்களுக்கு விற்றிருந்தது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நீயா எழுந்து பேசின, நீயா படிச்சுப் பாத்த, நீயா கையெழுத்துப் போட்ட. நான் எங்கம்மா குறுக்க வந்தேன்?" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அடுத்த வருஷத் தேர்தலுக்கு அவர் ரூத்தின் கொழுந்தன் பெண்டாட்டி ராஜத்தை நிற்கக் கேட்டு அந்தக் குடிசைக்கு இப்போதே ஒருமுறை வந்துபோயிருந்தார். ராஜம் ஐந்தாவது வரை படித்தவள்.

ஆனால் ரூத்திடம் மட்டும் பாப்பா எதையும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் வேறு ஊருக்குப் போனது காலனிக்குத் தெரியும், நிலம் விடுதிக்குப் போனது தெரியும். இரண்டுக்கும் நடுவில் அந்தத் தீர்மானத் தாள் செய்த வேலை தெரியாது. நாற்பத்திரண்டு மனுவும் உயிரோடு இருந்திருந்தால் என்று குமாஸ்தா சொன்ன வார்த்தையைப் பாப்பா ஏழு மாதம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். இரண்டு சுவர்களுக்கு அப்பால் ரூத் இருமுவது கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். கால் எழாது.

தை பிறந்ததும் மந்தைவெளியைச் சுற்றி மதில் எழும்ப ஆரம்பித்தது. சித்தாள் வேலைக்குக் காலனிப் பெண்களைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் முற்பகலில், வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், பாப்பா அங்கே போனாள். கடற்கரைப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. மதில் ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. ரூத் கலவைக் குவியலுக்குப் பக்கத்தில், தலையில் சும்மாடு கூட்டி, நிரப்பிய பாண்டுச் சட்டிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். தூக்கிவிட வேண்டியவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

பாப்பா அவளுக்கு நேரே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஆபீஸ், கோப்பு, கையெழுத்து, குமாஸ்தா கேட்ட கேள்வி. ஒன்றையும் விடவில்லை. "என்னாலதான் போச்சு ரூத்து. உன் மனுவ அப்பிடியே வுட்டுட்டு நான் சும்மா இருந்திருந்தாலே இந்த எடம் நம்ம கைய வுட்டுப் போயிருக்காது. நான் கையெழுத்துப் போட்டுத்தான் போச்சு." ரூத் தன்னைத் திட்ட வேண்டும், மயிரைப் பிடித்து இழுத்து அறைய வேண்டும், நாலு பேர் கூடி வேடிக்கை பார்க்க வேண்டும் என்று நின்றாள். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

ரூத் அவளையே பார்த்தாள். சிமெண்டு படிந்த இமைகள் ஒருமுறை மூடித் திறந்தன. மதில்மேல் உட்கார்ந்திருந்த மேஸ்திரி கலவைக்காகக் கரணையைத் தட்டிச் சத்தம் போட்டார்.

"தூக்கி வுடு" என்றாள் ரூத்.

பாப்பா குனிந்தாள். பாண்டின் இரண்டு விளிம்புகளையும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒரு கணம் அது இருவர் நெஞ்சுக்கும் நடுவில் நின்றது. பிறகு ரூத்தின் தலைமேல் ஏறியது. கழுத்து நரம்பு புடைக்க, ஒரு சொட்டுக் கலவையும் சிந்தாமல், அவள் மதிலை நோக்கி நடந்து போனாள்.